மூன்று புள்ளிகளும் பெரியப்பாவும்

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் உடனே பெரியப்பாவுக்குப் போன் போடுவாய், அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீ நலமாக இருக்கவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, காலையில் எதையாவது தின்றுவிட்டுக் கிளம்புகிறாயா என்று கேட்கத்தான் இருந்தேன், ஆனால் போன மாதம் நீ செய்த காரியத்துக்கு அப்புறம் அதையெல்லாம் ஒரு ஓரமாக வைத்திருக்கிறேன், கடைசியில் மனசு வந்தால் கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, ரெஸ்ட் எடும்மா" என்கிறாய். ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கூட இவ்வளவு மரியாதையாக என் பேச்சை வெட்டியதில்லை. அதோடு உன்னிடம் நான் பேசும்போதெல்லாம் உன் அப்பா கதவோரம் நின்று துணி மடிப்பதுபோல் நடிக்கிறார், ஒரே துண்டை ஆறு தடவை மடிக்கிறார். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பெரியப்பா சொன்ன கதை, அவர் சொல்லும் எந்தக் கதையிலும் அவர்தான் கதாநாயகன். நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் வந்த கட்டியை எடுத்ததும், முடி கொட்டி முளைத்ததும் நீ கூட இருந்து பார்த்தது. அது தலைக்குப் போயிருக்கிறது என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைதான் கண்டுபிடித்தது. என் வேலை உனக்குத் தெரியும், வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து, பிரேம் புருவத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் காதில் மாட்டுகிற காம்பைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்வது. ஒரு வாரமாக யார் வந்து உட்கார்ந்தாலும் பிரேம் இடப்பக்கம் சாய்ந்தே தெரிந்தது. நான் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். நிமிர்த்தியதெல்லாம் திரும்பி வந்தது. பள்ளி வேன் டிரைவர் ஒருவர் வந்து, "மேடம், இதப் போட்டா ரோடு ஒரு பக்கமா வழியுது, பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவன் நான்" என்று சண்டை போட்டார். நான் அவர் காது ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கடை முதலாளி வந்து, "இத்தன வருஷமா இல்லாம ஒரே வாரத்துல ஊர்ல எல்லாருக்கும் காது கோணிடுச்சா மேடம்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மூக்கில் இருந்த கண்ணாடியையே கழற்றி, சூடுகாட்டி வளைத்து, இப்போதுதான் நீங்கள் மனுஷன் மாதிரி இருக்கிறீர்கள் என்று மாட்டிவிட்டேன். அந்த மனுஷன் குடித்துவிட்டு வந்தவர்போல் கடை நடுவே நின்றார். கல்லாவில் இருந்த பெண் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பியவள் வெயில் கண்ணாடி ஸ்டாண்டின் மேல் போய் விழுந்தேன். அப்போதுகூட ஸ்டாண்டை யாரோ நகர்த்திவிட்டதாகத்தான் நினைத்தேன். முதலாளி அந்தக் கோணல் கண்ணாடியோடே காரோட்டி என்னைக் கண் டாக்டரிடம் கொண்டுபோனார், அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வேறெதுவும் பேசாமல் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்.

தலைக்குள் மூன்று புள்ளிகள். பின்பக்கம், நடக்கவும் நேராக நிற்கவும் வைக்கிற சிறுமூளையில் ஒன்று, பட்டாணி அளவு. மற்ற இரண்டும் முன்னால், மிளகு அளவுகூட இல்லை. மார்பில் இருந்த அதே ஜாதிதான், ரத்தத்தில் ஏறிப் பயணம் வந்திருக்கிறது. உன் அப்பா ரிப்போர்ட்டை வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா, என்னிடம் காட்டுவதற்கு முன்னால் தன் அண்ணனிடம் கொண்டுபோனார். இவருக்குப் பல் ஆடினாலும் அண்ணனிடம்தான் முதலில் வாயைத் திறந்து காட்டுவார். பெரியப்பா கட்டிட கான்ட்ராக்டர், அவருக்கு உலகத்தில் எல்லாமே சுவர்தான். எனக்குத் தெரியாமல் கதிர் சிகிச்சை டாக்டரிடம் இரண்டு பேரும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த டாக்டரம்மா படம் வரைந்து விளக்கியிருக்கிறார், இதற்கு ரேடியோசர்ஜரி என்று பெயர், பெயரில்தான் சர்ஜரி, கத்தியும் கிடையாது தையலும் கிடையாது, பல திசையிலிருந்து மெல்லிய கதிர்களை விடுவோம், ஒவ்வொரு கதிரும் தனியாகப் போனால் போகிற வழியில் பெரிய கெடுதல் செய்யாது, எல்லாம் வந்து சேர்கிற இடத்தில் மட்டும்தான் சுடும், அந்த இடத்தில் புள்ளி இருக்கும்படி கணக்குப் போடுவோம், ஒரே நாளில் முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்று. இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுலபமாக முடிகிற எந்த வேலையிலும் ஏமாற்று இருக்கும் என்பது அவர் தொழில் அனுபவம், தன் வேலையை வைத்துத்தான் மனுஷன் ஊரை எடைபோடுவான். "அங்கங்க பூசி மெழுகுற வேலையெல்லாம் நிக்காது டாக்டர், ஒரு எடத்துல ஈரம் ஏறிடுச்சுன்னா முழுச் சுவரையும் தட்டிப் பூசிடணும், தலை முழுசுக்கும் கரண்ட் குடுத்துடுங்க" என்றாராம். கதிருக்குக் கரண்ட் என்று பெயர் வைத்தது அவர்தான், இப்போது குடும்பக் குரூப்பில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

அப்புறம்தான் உன்னைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். உன் அப்பா வயிற்றில் எதுவும் தங்காது, மறுநாள் காலை டீயோடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "பெரியப்பா சொல்றபடியே செஞ்சிடுங்க, அம்மா இப்ப முடிவெடுக்குற நிலைமைல இல்ல, இப்ப இருக்குறது நம்ம பழைய அம்மாவே இல்ல." இப்படிச் சொன்னாயாமே. டாக்டர் படித்தவர், பெரியப்பா படிக்காதவர், உன் அப்பா படித்தும் படிக்காதவர், இவர்கள் எல்லோரையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பல நாளாக என் முகத்தைப் பார்க்காமல், பெரியப்பாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு நிமிஷத்தில் அம்மாவை அம்மா இல்லை என்று தள்ளுபடி செய்தாயே, நீ வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா? எந்த மாடியில் நிற்கிறது என்று எட்டிப்பார்க்காமலே கதவைத் திறந்துவிடுவாயா?

இந்தப் பழைய அம்மா இல்லை என்கிற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறேன். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து பெரியம்மா தினமும் வருகிறாள். வந்து என் கட்டில் காலடியில் உட்கார்ந்து, நான் செவிடுபோல உரக்கப் பேசுகிறாள், ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பிரித்து, "நா... யாருன்னு... தெரியுதா?" என்று. நான் சொன்னேன், தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும் என்று. பெரியம்மா முகம் மாறவில்லை. உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டி, "பாவம், அவ பேசல, கட்டி பேசுது" என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்வது எதுவும் நான் சொன்னதில்லை. டிவியைக் குறை என்றால் கட்டி சொல்கிறது. பாத்ரூம் வாசல் வரை கூட வராதீர்கள் என்றால் கட்டி சொல்கிறது. பெரியப்பா கட்டிய கிழக்குப் பக்க வீட்டில் மாடிப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஏறுகிறவன் முட்டி பெயர்கிறது என்று நான் சொன்னதுகூடக் கட்டி சொன்னதாகிவிட்டது, அதை நான் கிரகப்பிரவேசத்தன்றே எல்லோர் முன்னாலும் சொன்னேன், அன்றிலிருந்து பெரியப்பா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வருஷம்தான் அவர் என்னை மதித்த வருஷம் என்று இப்போது தெரிகிறது. இப்போது மன்னித்துவிடுகிறார். எதைச் சொன்னாலும் மன்னிக்கிறார்கள் கொசு, அதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? அந்த ஒரு நாளைத் தவிர இருபத்தைந்து வருஷமாக வாயை அடக்கி வைத்திருந்தவள், இப்போது நினைத்ததையெல்லாம் சொல்லலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது, ஆனால் ஒரு சொல்லும் போய்த் தைக்கமாட்டேன் என்கிறது. எதிராளி பஞ்சு மூட்டையாகிவிட்டால் குத்துகிறவளுக்கு என்ன மரியாதை?

ஆனால் தனியாக இருக்கும்போது எனக்கே பயம் வந்தது, அதையும் உன்னிடம்தான் சொல்லமுடியும். ஊரார் கண்ணாடியெல்லாம் கோணல் என்று அடித்துச் சொன்னவள்தானே நான், அப்போது என் கண்ணை நான் எவ்வளவு நம்பினேன், கொஞ்சமாவது சந்தேகப்பட்டேனா? அதேபோல இந்த ஜனங்களும் நல்லவர்கள்தானோ, எனக்கு மட்டும்தான் இப்படிக் கீழாகத் தெரிகிறார்களோ, நிமிர்த்தவேண்டியது நானோ என்று யோசித்து யோசித்து, கடைசியில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். எனக்கு எல்லோரையும் பார்த்தால் இளக்காரமாக இருக்கிறது, இது கட்டியா நானா என்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு மூன்று புள்ளியையும் காட்டி, இருக்கிற இடத்தையும் அளவையும் பார்த்தால் இவை அந்த வேலையைச் செய்வதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றார், ஆனால் அடித்துச் சொல்லமுடியாது என்றும் சொன்னார். அப்புறம், "வீக்கம் குறையக் குடுக்குறோமே ஸ்டீராய்டு மாத்திர, அது தூக்கத்தக் கெடுக்கும், கண்டபடி பசிக்கும், சுருக்குனு கோபம் வரும். அது வால்யூமக் கூட்டும்மா, பாட்டு உங்களோடதுதான்" என்றார். எவ்வளவு நாளாக இப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

அந்தத் தெம்பில் எல்லோரையும் வரச்சொல்லி டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன். பெரியப்பா பெரிய நாற்காலியில், உன் அப்பா நுனியில், நான் நடுவில். நான் சொல்வது கட்டி சொல்வதாக இவர்கள் நினைக்கிறார்கள், என்னைச் சோதித்துச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் தேதி கேட்டார், மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். நான் மெதுவாக, தவறாமல் இறங்கி வந்தேன். பக்கத்தில் பெரியப்பா உதட்டை அசைத்து அவரும் கழித்துக்கொண்டே வந்தார், எண்பத்தாறு வரைக்கும் வந்து மேலே போகத் தெரியாமல் மேற்கூரையைப் பார்த்தார். டாக்டர் பார்த்துவிட்டார், நானும் பார்த்துவிட்டேன். பிறகு டாக்டர் என்னிடம் மட்டும் பேசினார். தலை முழுவதற்கும் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கும் துகளுக்கும் சேர்த்துப் போகும், அது உண்மைதான், ஆனால் ஞாபகமும் யோசிக்கிற வேகமும் அடிவாங்கும், களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். புள்ளிக்கு மட்டும் கொடுத்தால் மூளை பெரும்பாலும் தப்பும், ஆனால் வேறிடத்தில் புதிதாக முளைக்கலாம், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் காவல் காக்கவேண்டும், முளைத்தால் மறுபடியும் இதையே செய்யலாம், எண்ணிக்கை ஏறினால் அப்போது முழுத்தலை பற்றி யோசிக்கலாம் என்றார். பெரியப்பா விடவில்லை. "நான் முப்பது வருஷமா சுவர் பாத்தவன் டாக்டர்" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா மிகவும் பணிவாக, "சுவருக்கு ஞாபகம் கெடையாது சார்" என்றார். நான் புள்ளிக்கு மட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் பெரியப்பா உன் அப்பாவிடம், "கையெழுத்த நடுங்காமப் போட்டா பாத்தியா, அதான் பயமா இருக்கு" என்றார். நடுங்கியிருந்தாலும் பயந்திருப்பார்.

சிகிச்சை நாளன்று நடந்த கூத்தைக் கேள். சர்ஜரி என்ற சொல் பெரியப்பா காதில் விழுந்தது விழுந்ததுதான், அதை எந்த டாக்டராலும் எடுக்கமுடியவில்லை. மூளை ஆபரேஷன், ரத்தம் தேவை என்று ஊரெல்லாம் செய்தி அனுப்பி, அவரிடம் வேலை செய்யும் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பெயின்டர் என்று ஏழெட்டுப் பேரை அழைத்துவந்து வரிசையாக வராண்டாவில் உட்காரவைத்திருந்தார். யார் சொன்னார்களோ, வெறும் வயிற்றில் வந்திருந்தார்கள். ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதும் பெரியப்பா அவளிடம் போய், இப்ப வேண்டாம்னு சொல்லிட்டு உள்ள போனதும் கேக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார். அந்த மனிதர்களுக்கு உன் அப்பா டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார், அந்த நாளில் உருப்படியாக நடந்த இரண்டாவது காரியம் அது.

எனக்கு முகமூடி ஒன்று முந்தின வாரமே செய்துவிட்டார்கள். வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் வலை, துணிபோல் இளகி வந்ததும் முகத்தில் வைத்து அழுத்துவார்கள், மூக்கு, நெற்றி, தாடையெல்லாம் அதில் அச்சாகி ஆறினதும் கெட்டியாகிவிடும். அன்று அதை முகத்தில் மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டினார்கள், தலை ஒரு நூல் அசையக்கூடாது. எச்சில் விழுங்கினால் வலையின் ஓரம் தொண்டையில் இடித்தது. மெஷின் ஆள் வந்து காதருகே, "என்ன பாட்டுப் போடட்டும் மேடம், மெலடியா குத்தா?" என்று கேட்டான். பல்லைக் கடித்தபடி ஒன்றும் வேண்டாம் என்றேன். அவன் மெலடி போட்டான். அவனுக்கு எது கேட்டதோ. எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவு மூடியது, மெஷின் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது, மேசை கொஞ்சம் திரும்பும், மறுபடி சுற்றும். வலியில்லை, சூடில்லை, ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டம். எதையாவது உணர்ந்தால் போராடுவதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த அறையில் நான் அழுதேன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன், முகமூடிக்குள் கண்ணீர் காதுக்குள்தான் போகும், துடைக்க வழியில்லை. பெரியப்பாவுக்காகவும் அழவில்லை, புள்ளிகளுக்காகவும் அழவில்லை, நீ சொன்னதாக உன் அப்பா சொன்ன அந்த வாக்கியத்துக்காக அழுதேன். மதியத்துக்குள் என் காலிலேயே நடந்து வெளியே வந்தேன், முகமெல்லாம் வலைக்கட்டம். பெரியம்மா ஓடிவந்து என் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டி, "தையல் எங்க?" என்றாள். தையல் கிடையாது என்றேன். "அப்ப ஒண்ணுமே பண்ணலையா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நீ பார்த்திருக்கவேண்டும், கட்டு போட்ட தலையோடு நான் வராதது அவளுக்கு நான் செய்த துரோகம். வந்திருந்த பெயின்டர் ஒருவர்தான், "நல்லாருக்கீங்களாக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நடை பரவாயில்லை, சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போகிறேன். வீக்கம் வடிந்ததாலா, மாத்திரையாலா, கதிராலா என்று இன்னும் சொல்லமுடியாதாம், சுட்ட புள்ளி உடனே மறையாது, மெதுவாகத்தான் சுருங்கும், சில சமயம் சுட்ட இடமே பல மாதம் கழித்து வீங்கித் தொல்லை கொடுக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டார்கள். தூக்கம் வருகிறது. பசி அடங்கிவிட்டது. இளக்காரம் அடங்கவில்லை, நேற்று பெரியப்பா வந்து என் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஈரம் குறஞ்சிருக்கு என்று தீர்ப்புச் சொன்னபோது அது முழு உடல்நலத்தோடு எழுந்து உட்கார்ந்தது. என்னுடையதுதான் என்று அப்போது நிம்மதியாயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டாக்டர் ஒன்று கேட்டார். இந்த நோய் நாம் சொல்கிறபடி கேட்காது, ஒருநாள் நீங்கள் உங்களுக்காகப் பேசமுடியாமல் போனால் உங்கள் சார்பாக யார் பேசவேண்டும், இப்போதே சொல்லிவையுங்கள் என்று. உன் அப்பா பக்கத்தில் இருந்தார், பதில் என்ன என்று தெரிந்தவர்போல அண்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். நான் உன்னைச் சொன்னேன். உன் அப்பா திகைத்துப்போய், "அவன்தான அன்னிக்கு அப்படிச் சொன்னான்?" என்றார். ஆமாம், அவன்தான் என்றேன். இந்தக் குடும்பத்தில் திட்டினால் உறைக்கிற ஆள் நீ ஒருத்தன்தான் கொசு. பெரியப்பாவைத் திட்டினால் மன்னிக்கிறார், உன் அப்பாவைத் திட்டினால் டீ போடுகிறார். நீ இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உன்னிடம் கொடுக்கிறேன்.

ஆகவே கேட்டுக்கொள். அடுத்த ஸ்கேன் வந்ததும் டாக்டர் உனக்கும் அனுப்புவார், நீ அவரிடமே பேசு, குரூப்பில் வருவதைப் படிக்காதே. ஒன்றிரண்டு புதிதாக முளைத்திருந்தால் மறுபடியும் இதையே செய்துகொள்வேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நிறைய முளைத்து, முழுத்தலைக்குக் கொடுத்தால் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றால், அந்தக் காலத்தில் நான் எப்படி இருப்பேன் என்று டாக்டரிடம் கேள், எவ்வளவு காலம் என்பதை அப்புறம் கேள். எதுவும் பயனில்லை என்று அவர் சொல்லும் கட்டத்தில் யாராவது சும்மா இருக்கக்கூடாதே என்று எதையாவது செய்யச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லு, சத்தமாகச் சொல்லு, பெரியப்பா குரல் உன் குரலைவிடப் பெரியது. நான் கோபப்படுவதையோ ஏளனம் செய்வதையோ வைத்து நான் போய்விட்டேன் என்று முடிவுகட்டாதே. பெரியம்மா என் கட்டிலில் உட்கார்ந்து தொணதொணக்கும்போது நான் பேசாமல் புன்னகை செய்தேன் என்று என்றைக்காவது உனக்குச் செய்தி வந்தால், அன்றைக்கு டிக்கெட் எடு. அதற்கு முந்தின நாள் வரைக்கும் இந்தத் தலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும், அம்மாவிடம் கேளுங்கள் என்ற ஒரே பதிலை மட்டும் சொல்.

லீவு போட்டுவிட்டு ஓடிவராதே, இங்கே என் காலடியில் உட்கார ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய், இந்தத் தடவை நான் பேசி முடிக்கும்வரை கேள். காதை மூடிக்கொண்டு போ. காலையில் தின்றுவிட்டுக் கிளம்பு. உடம்பில் பலமும், செய்கிற வேலையில் நிதானமும், தேவையான நேரத்தில் எதிர்த்துப் பேசும் வாயும் உனக்கு நிறைவாக அமையட்டும்.

என்றும் உன்மேல் கோபமும் பிரியமும் மாறாத,
அம்மா